பிகின் இரண்டு மணி

விசாகப்பட்டினம்
21 பிப்ரவரி 2025

ஜெஸ்பினுக்கு,

தினமும் போனில் நம்ம பிள்ளை அபிதாவிடம் பேசுகிறேன். உன்னிடம் "சாப்பிட்டியா, காஸ் வந்தாச்சா" என்பதோடு நின்றுபோகிறது. அதற்கு மேல் போனால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடும் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு எழுதியது, அதற்குப் பிறகு இதுதான்.

இது சண்டையைப் பற்றிய கடிதம் இல்லை. ஒரு சந்தேகம். ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கிற டீச்சரிடம் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை யார்டில் ஒரு விபத்து. நாங்கள் பழுது பார்க்கிற கப்பலின் அடித்தளத்தில் பெரிய தொட்டிகள் உண்டு. மாசக்கணக்கில் மூடிக் கிடந்த தொட்டிக்குள் காற்று கெட்டுப்போயிருக்கும். புளோயர் வைத்து நல்ல காற்றை இரண்டு மணி நேரம் உள்ளே அடித்த பிறகுதான் ஆள் இறங்கலாம். அன்று காலை ஷிப்டு என்னுடையது. கரண்டு லைன் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மணிக்கு அடுத்த ஷிப்டுக்காரர்கள் புளோயரை ஓட்ட வேண்டும் என்று முடிவு. நான் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியே வந்தேன்:

வென்டிலேஷன் பிகின் 2 பி.எம்.

லைன் வேலை முடியவில்லை, புளோயர் ஓடவில்லை. நாலு மணிக்கு சிலுவை வந்தான். நம்ம ஜில்லாக்காரன்தான், குளச்சல் பக்கம். உனக்கு ஒருமுறை அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நன்றாகப் பாடுவான். பதிவேட்டைப் பார்த்தான். இரண்டு மணிக்கே காற்று அடிக்கத் தொடங்கியாயிற்று என்று எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். சுற்றிலும் முப்பது புளோயர் ஓடுகிற இடத்தில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. காற்றைச் சோதிக்கிற மீட்டரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதை அவன் செய்யவில்லை. ஏழாவது படியில் மயங்கி விழுந்தான். மேலே நின்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்ததால் உயிர் மிஞ்சியது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

அடுத்த மாதம் விசாரணை. பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "பிகின் என்றால் இனிமேல் தொடங்க வேண்டும் என்றுதான் அர்த்தம், சிலுவைக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால் தப்பாகப் படித்துவிட்டான் என்று எழுதிக் கொடு, உனக்கு ஒன்றும் வராது" என்கிறார். எனக்கு சூப்பர்வைசர் பதவி வர இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார்.

அந்த வரிக்கு உண்மையில் என்ன அர்த்தம்? வீட்டுக்காரியாக இல்லாமல் டீச்சராகச் சொல்.

சுபின்


அருமனை
27 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போடாத "அன்புள்ள"வை நான் போட்டிருக்கிறேன்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிலுவைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்தேன். இரண்டாவது தடவை, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. மூன்றாவது தடவைதான் டீச்சராகப் படித்தேன்.

உங்கள் வரிக்கு அர்த்தம் கிடையாது. கோபப்படாமல் கேளுங்கள்.

நம்ம தமிழில் ஒரு வினைச்சொல்லை முழுதாகச் சொன்னால் காலமும் ஆளும் அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வரும். தொடங்கியது, தொடங்கும், தொடங்கினேன், தொடங்குவார்கள். இங்கிலீஷில் இந்த பிகினுக்கு மூன்று உருவம். பிகின் என்பது இன்றைக்கும் என்றைக்கும் உள்ளது. பிகேன் என்றால் நேற்றே நடந்துவிட்டது. பிகன் என்பது தனியாக நிற்காது, முன்னால் ஒரு துணைச்சொல் வேண்டும். நடந்தாயிற்று என்று சொல்ல ஒரு துணை, இனிமேல் நடக்க வேண்டும் என்று சொல்ல வேறொரு துணை.

நீங்கள் எழுதியதில் ஆளும் இல்லை, துணைச்சொல்லும் இல்லை. வால் வெட்டின சொல். ஒருவர் அதை "இரண்டு மணிக்குத் தொடங்கு" என்ற கட்டளையாகப் படிக்கலாம். இன்னொருவர் "தொடங்கும்" என்று படிக்கலாம். நாலு மணிக்கு வந்து பார்க்கிறவன், இரண்டு மணி கழிந்துவிட்டதால், "தொடங்கியது" என்றுதான் படிப்பான். நான் வந்திருந்தாலும் அப்படித்தான் படித்திருப்பேன். சிலுவைக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் எனக்கும் தெரியாது என்று சேர்த்து எழுதுங்கள்.

இனி வீட்டுக்காரியாக. ஜனவரி 29-ஆம் தேதி விடியக்காலை என்னை எழுப்பாமல் போனீர்கள். உங்களுக்காக மரச்சீனிக் கிழங்கு வறுத்து டப்பாவில் அடைத்து மேசைமேலேயே வைத்திருந்தேன். அதையும் எடுக்கவில்லை. நானும் அபிதாவும் ஒரு வாரம் அதைத் தின்றோம்.

முந்தின ராத்திரி என் பிறந்தநாள் சாப்பாட்டு மேசையில் நான் சிரித்தேன். ஆமாம். எங்கள் ஸ்கூல் டீச்சர்மாரை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடுவதற்காக "ஐ வில் பிகின் த கார்" என்று நீங்கள் எழுந்தபோது, "காரை யாராவது பிகின் பண்ணுவாங்களா?" என்று நான்தான் கேட்டேன். நாராயணபெருமாள் சாருக்குப் பாயசம் புரையேறியது. எனக்கு அது ஒரு நிமிஷத்துச் சிரிப்பு. உங்கள் முகம் மாறினதை நான் பார்க்கவில்லை. பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

ஜெஸ்பின்


விசாகப்பட்டினம்
5 மார்ச் 2025

அன்புள்ள ஜெஸ்பின்,

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதினால் உன்மேல் பழியைப் போடுவதுபோல் இருக்கும். எழுதாவிட்டால் நான் சொன்னது பாதி உண்மையாகவே நிற்கும்.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பதிவேட்டில் நான் ஒரே மாதிரிதான் எழுதிவந்தேன். "டு பி ஸ்டார்ட்டட்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மலையாளி போர்மேன் சொல்லிக்கொடுத்தது. அதில் எந்தச் சொல் எதற்கு என்று எனக்குத் தெரியாது. நட்டு, போல்ட்டு மாதிரி மொத்தமாக எடுத்து மாட்டுவேன், அவ்வளவுதான். ஒருநாளும் யாரும் தப்பாகப் படித்ததில்லை.

அன்று மேசையில் நீ சிரித்துவிட்டு ஒரு விதி சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "வண்டிக்கும் மெஷினுக்கும் ஸ்டார்ட், வேலைக்கும் கூட்டத்துக்கும் பிகின். இவ்வளவுதான் அத்தான்." எல்லாரும் தலையாட்டினார்கள்.

பதினெட்டாம் தேதி பேனாவை எடுத்ததும் அது ஞாபகம் வந்தது. காற்று அடிப்பது மெஷினா, வேலையா? புளோயர் மெஷின். ஆனால் வென்டிலேஷன் என்பது வேலை. அப்படியென்றால் இத்தனை வருஷம் தப்பாக எழுதியிருக்கிறேன், படித்தவர்கள் எல்லாம் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள் என்று தோன்றியது. ஸ்டார்ட்டட் என்று எழுதியதை அடித்துவிட்டு பிகின் போட்டேன். அதற்கு முன்னால் "டு பி" போட்டால் பின்னால் பிகேனா பிகனா என்று தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். முப்பத்தெட்டு வயசில் யாரிடம் போய்க் கேட்பது? இரண்டு மணி ஊதல் வேறு ஊதிவிட்டது. "டு பி"யையும் அடித்துவிட்டு வெறும் பிகினை விட்டுவிட்டு வந்தேன்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் சிலுவை விழுந்த செய்தி வந்ததும் முதலில் என் கண்முன் வந்தது அந்த வரி இல்லை. நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேசை.

சுபின்


அருமனை
11 மார்ச் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் பன்னிரண்டு வருஷம் எழுதியதுதான் சரி. "டு பி ஸ்டார்ட்டட்" என்பதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. என் விதிதான் அரைகுறை. மெஷினுக்கு ஸ்டார்ட் மட்டும்தான் வரும், பிகின் வராது. அதுவரை உண்மை. ஆனால் வேலைக்கு இரண்டும் வரும். மழை பெய்யத் தொடங்குவதற்கும், பிள்ளை அழத் தொடங்குவதற்கும், காற்று அடிக்கத் தொடங்குவதற்கும் ஸ்டார்ட் தாராளமாக வரும். இது எனக்குத் தெரியாததல்ல. அன்று சபையில் நின்று பிரசங்கம் செய்கிற மாதிரி சுருக்கமாகச் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று சொன்னேன். கைதட்டலுக்காகச் சொன்ன ஒரு விதி ஒரு மனுஷனை ஏழாவது படிவரைக்கும் இறக்கிவிட்டது.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் போதாது. ஆனால் வேறு எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை.

சனிக்கிழமை லீவு போட்டுக் குளச்சலுக்குப் போனேன். அவன் பாடுகிறவன் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். மாதாகோயில் பாடகர் குழுவில் விசாரித்ததும் சிலுவையின் வீட்டைக் காட்டினார்கள். அவன் மனைவி, அஞ்சு என்று பெயர், வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சுபின் அண்ணனுக்க வீட்டுக்காரியா? வாங்கக்கா, உள்ள வாங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நேரமும் அண்ணந்தான் கஞ்சி கொண்டு குடுக்காராம். இவரு போன்ல சொல்லி அழுதாரு."

இதை நீங்கள் எனக்கு எழுதவேயில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இருந்தேன். அந்த வரியைப் பற்றி, என் விதியைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவள் முழுதாகக் கேட்டாள். எனக்கு மீன் பொரித்து வைத்தாள்.

பிறகு, "அக்கா, அந்த மீட்டர வச்சிப் பாக்காம எறங்குனது இவருக்க தப்புல்லா. அத நான் அவருகிட்ட கேட்டாச்சு. உசிரு கெடச்சிருக்கு, எனக்கு அது போரும். ஆனா வேல போச்சுன்னா நாங்க என்ன செய்ய? அண்ணன் உள்ளத உள்ளபடி சொல்லுவாரா?" என்று கேட்டாள்.

"சொல்லுவாரு" என்றேன். உங்களைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன். சூப்பர்வைசர் பதவி வராமல் போகட்டும். வாக்குமூலத்தை இங்கிலீஷில் நான் எழுதித் தரட்டுமா?

ஜெஸ்பின்


விசாகப்பட்டினம்
24 மார்ச் 2025

அன்புள்ள ஜெஸ்பின்,

நீ எழுதித் தர வேண்டாம் என்று அன்று போனில் சொன்னபோது குரல் கொஞ்சம் கடுத்துவிட்டது. கோபமில்லை. நீ எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் கேள்வி கேட்டால் என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. என் வாயில் வருகிறதைத்தான் நான் சொல்ல முடியும்.

விசாரணை வெள்ளிக்கிழமை முடிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். பாதுகாப்பு அதிகாரி ஓரத்தில். சிலுவை எனக்குப் பக்கத்தில், ஐந்து கிலோ மெலிந்து, சட்டை தொளதொளவென்று. தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். திருச்சிக்கார இன்ஜினியர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

"சார், அது என்னோட வரி. அத ரெண்டு விதமா படிக்கலாம். இங்கிலீஷ் படிச்சவங்ககிட்டயும் கேட்டாச்சு. சிலுவை படிச்சது தப்பில்ல. முன்னாடி எழுதுனத அடிச்சிட்டு எழுதியிருக்கேன், பாருங்க, அடிச்ச கோடு தெரியும்" என்றேன்.

பதிவேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மூன்று பேரில் பெரியவர் கேட்டார்: "சரியாக இருந்ததை ஏன் அடித்தாய்?"

"சரின்னு எனக்குத் தெரியாது சார்."

அவர் பதிவேட்டை மூடிவைத்தார். பிறகு சிலுவையிடம், மீட்டர் எங்கே இருந்தது என்று கேட்டார். சிலுவை தலையைக் குனிந்துகொண்டு, "ரூம்ல இருந்துச்சு சார். எடுக்காதது என் தப்பு" என்றான். அவன் மறைக்கவில்லை. எனக்கு அப்போது அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

முடிவைச் சொல்கிறேன். சிலுவைக்கு எழுத்தில் எச்சரிக்கை, வேலை உண்டு. எனக்கும் எச்சரிக்கை. சூப்பர்வைசர் பதவி இந்த வருஷம் இல்லை. பாதுகாப்பு அதிகாரி என் பக்கம் திரும்பாமல் எழுந்து போனார்.

கடைசியில் பெரியவர், "இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்டார். நான் சொன்னேன்: எழுதவே வேண்டாம் சார். இரண்டு கட்டம் அச்சடித்துக் கொடுங்கள். ஒன்று, "ஓடுகிறது". இன்னொன்று, "இன்னும் ஓடவில்லை". இந்தி, தெலுங்கு, ஒடியா, தமிழ், இங்கிலீஷ் எல்லாவற்றிலும். பார்த்த ஆள் டிக் அடித்து நேரமும் பெயரும் போடட்டும். பார்க்காமல் யாரும் டிக் அடிக்க வேண்டாம்.

அச்சுக்குப் போயிருக்கிறது.

நிம்மதியாக இருக்கிறேன், ஜெஸ்பின். பதவி போன அன்று சாயங்காலம் சிலுவையோடு போய் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டேன்.

சுபின்


அருமனை
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் இருந்தபோது நடந்தது முழுவதையும் சொன்னேன். உங்களைக் காப்பாற்றுவதற்காக இல்லை, உங்களுக்கு அது தேவையில்லை. நான் சொன்ன விதி தப்பு என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். பாதிப் பேர் அதைத் தங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்! நாராயணபெருமாள் சார் மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டு, "அன்னிக்கு நானும் சிரிச்சேன் டீச்சர்" என்றார்.

எங்கள் பாடு இப்படி. ரப்பர் மரங்களில் புது இலை தளிர்த்துவிட்டது. வெயில் தாங்கவில்லை. அபிதா பல் ஒன்று விழுந்து "ச"வெல்லாம் சீட்டி அடிக்கிறாள்.

பரீட்சைத் தாள் திருத்தி முடிந்ததும் நானும் அபிதாவும் அங்கே வரட்டுமா? கல்யாணமான பத்து வருஷத்தில் ஒருதடவைகூட நீங்கள் வேலை பார்க்கிற ஊரை நான் பார்த்ததில்லை. லீவுக்கு நீங்கள்தான் வருவீர்கள் என்று இருந்துவிட்டேன்.

ஜெஸ்பின்


விசாகப்பட்டினம்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெஸ்பின்,

வா.

ரூமில் இரண்டு பேர் இருக்கிறோம். மற்றவன் மே மாதம் ஊருக்குப் போகிறான். ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கிப் போட்டிருக்கிறேன், பச்சைதான் கிடைத்தது. அடுப்பு ஒன்றுதான், சமாளிக்கலாம். உன் வண்டி வந்து சேருகிற நாள் எனக்குக் காலை ஷிப்டு, மாற்றித் தர மாட்டார்கள். சிலுவைக்கு அன்று ஓய்வு. அவன் ஸ்டேஷனுக்கு வருவான். "அண்ணிய நான்தான் கூட்டிட்டு வருவேன்" என்று பிடிவாதம் பிடிக்கிறான்.

மரச்சீனி வறுத்துக் கொண்டுவா. இந்தமுறை மறக்க மாட்டேன்.

சுபின்


அருமனை
7 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்துசேர்ந்தோம். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரமாகிறது. இங்கே மழை தொடங்கிவிட்டது. பச்சைத் திரைச்சீலையைத் துவைத்து மாட்டாமல் வந்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே இருந்த இருபது நாளும் தினமும் பேசினோம், ஆனால் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நேரில் சொன்னால் நீங்கள் வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் வந்த முதல் நாள். வண்டி நேரத்தோடு வந்துவிட்டது. ரூமுக்குப் போகாமல் நேராக யார்டு கேட்டுக்குப் போகலாம் என்று நான்தான் சிலுவையிடம் சொன்னேன். கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு மணி ஊதல் ஊதியது. நூற்றுக்கணக்கில் ஆண்கள் வெளியே வந்தார்கள். எல்லாரும் ஒரே நீலச் சட்டை, ஒரே மஞ்சள் தொப்பி, ஒரே எண்ணெய்க் கறை. இதில் என் புருஷன் யார் என்று எனக்குத் தெரியவில்லை, அத்தான்.

அப்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் நின்றது. நடுவில் ஒருவர் புது அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட அட்டை. சின்னப் பையன் மாதிரி இருந்த ஒருவனிடம் ஒடியாவில் ஏதோ கேட்டார், அவன் பதில் சொன்னதும் தோளில் தட்டினார். வாட்ச்மேனிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். டீக்கடைக்காரர் எங்கள் பக்கத்திலிருந்து கத்தியதற்குத் தெலுங்கில் பதில் சொன்னார். அந்தக் குரலை வைத்துத்தான் அது நீங்கள் என்று கண்டுபிடித்தேன்.

அபிதா கேட்டாள்: "அம்மா, அப்பாக்கு எத்தன பாஷ தெரியும்?"

"தெரியல மக்கா" என்றேன்.

சிலுவை சிரித்தான். "அண்ணிக்கே தெரியாதா? அண்ணனுக்கு ஆறு தெரியும்லா. பெங்காலி இப்பந்தான் படிக்காரு, புதுசா நாலு பேரு சேந்திருக்கானுவ, அவனுவளுக்கும் அந்த அட்டைய சொல்லிக் குடுக்கணும்லா."

வீட்டில் நான் உங்களுடைய ஒரே ஒரு மொழியைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழ் போக மற்ற நாலையும் நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஓடிவந்தீர்கள். அபிதாவைத் தூக்கிக்கொண்டு, "வந்து ரொம்ப நேரமாச்சா? ஏன் ரூமுக்குப் போகல? முகமெல்லாம் வாடிப் போச்சே" என்றீர்கள். நான் கண்ணைத் துடைத்தேன். ரயில் களைப்பு என்று நினைத்து எனக்கு ஒரு டீ சொன்னீர்கள்.

களைப்பு இல்லை, அத்தான்.

உங்கள்
ஜெஸ்பின்